இடப்பக்க ஜன்னல்

இடப்பக்கம் என்று மகள் உலகா சொல்லிவிட்டாள். டெல்லியிலிருந்து பாக்டோக்ரா போகிற விமானத்தில் இடப்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் மலை தெரியும், வெள்ளை வெள்ளையாக, வரிசையாக, ரொம்ப நேரம் கூடவே வரும், வலப்பக்கம் உட்கார்ந்தால் வெறும் வயலும் புழுதியும்தான், மறந்துராதம்மா, இடப்பக்கம், என்று நேற்று சொன்னாள். இன்று காலையும் பேங்குக்குப் போகிற அவசரத்தில் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். மறப்பதற்கு என்ன இருக்கிறது. ஐப்பசியிலிருந்து இந்த வீட்டில் இடப்பக்கத்தைத் தவிர வேறு எதையும் நான் நினைத்ததில்லை. வெயில் பால்கனிக் கம்பிகளுக்குள் நுழைந்து தரையில் ஏணி மாதிரி படுத்திருக்கிறது. அவர் தூங்கி எழுந்து, காப்பி குடித்து, தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கைவைத்த மர நாற்காலியில் உட்கார்ந்து அணைத்திருக்கிற டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் போனில் சார்ஜ் இல்லை. கூடத்தில் ஒழுங்காக வேலை செய்கிற பிளக் ஒன்றே ஒன்று, அதுவும் அவர் நாற்காலிக்கு இடப்பக்கச் சுவரில், வயரோ குட்டை. அதனால் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு இடப்பக்கம், கை நீட்டினால் அவர் சட்டையைத் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து போனில் அந்த விமானத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் இங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. ஒளிந்துகொண்டெல்லாம் இல்லை. இப்படி நடுக்கூடத்தில், வெயிலில், வளையல் சத்தத்தோடு உட்கார்ந்திருக்கிற ஒருத்தி அவருக்கு இல்லை. கண்ணில் கோளாறு இல்லை, கண் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தம் அடைத்துப் போனதில், உலகத்துக்கு இடப்பக்கம் என்று ஒன்று உண்டு என்பது அவருக்கு மறந்துபோய்விட்டது. இருட்டாகத் தெரியுமா என்று கேட்டேன். இருட்டு என்றால்கூட ஏதோ இருக்கிறது என்று தெரியும் அம்மா, இது அப்படி இல்லை, உங்கள் முதுகுக்குப் பின்னால் உங்களுக்கு என்ன தெரிகிறது, இருட்டா தெரிகிறது, என்று கேட்டார். அன்று முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இருட்டுகூட இல்லை.

படத்தில் விமானம் முள் எடுக்காத மீன் போலக் கிடக்கிறது. நடுவே ஒரு வழி, இருபுறமும் மும்மூன்று கட்டங்கள். சாம்பல் கட்டம் என்றால் ஆள் வந்தாயிற்று, நீலம் என்றால் காலி. இறக்கைக்கு முன்னால் பார்த்துப் போடச் சொல்லியிருக்கிறாள் உலகா. ஐந்தாவது வரிசையில் இடப்பக்கம் ஜன்னலும் அதற்கடுத்த நடு இடமும் நீலம். வலப்பக்கமும் அதே மாதிரி ஜன்னலும் நடுவும் நீலம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காலியாக இருப்பது என்னைச் சோதிப்பதற்காகவே என்று தோன்றுகிறது. ஒரு பக்கம் நிரம்பியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். இந்த வேலையை நான் செய்வதே வேடிக்கைதான். இடம் போட்டுக் கொடுப்பது அவருடைய வேலை, எழும்பூர் ரயில் நிலையத்தில், கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலிருந்து, வந்த பின்னும், கவுண்டரின் சின்ன வளைவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் இடம் போட்டவர். முகம் பார்த்தே போடுவார். கல்யாணமான புதுசு என்று தெரிந்தால், கைக்குழந்தை என்றால், முதல் தடவை தெற்கே போகிற ஆள் என்றால், "மலை வேணுமா, நெழல் வேணுமா?" என்று கேட்பாராம். விடிந்து கோவில்பட்டி தாண்டிய பின் மேற்கே நீலமாக ஒரு கோடு எழும்பும், அது தெரிகிற பக்கம் ஜன்னல். பாதிப் பேருக்குக் கேள்வியே புரியாது, "ஏதாச்சும் ஒண்ணைக் குடுங்க சார், பின்னால ஆள் நிக்குது" என்பார்கள். வீட்டுக்கு வந்து சொல்லி வருத்தப்படுவார், மலை வேணுமான்னு கேட்டா வேண்டாங்கானே ஒருத்தன், அவன்லாம் என்ன மனுசன், என்று. ஆனால் நாங்கள் ஊருக்குப் போகும்போது எனக்கு ஜன்னல் கிடைத்ததே இல்லை. மிச்சம் எது கிடக்கிறதோ அதுதான், நடு பெர்த், கக்கூஸ் பக்கம். "கோமதிநாயகம் பெண்டாட்டிக்கு ஜன்னல் போட்டுக்கிட்டாம்னு ஒருத்தன் வாயில வந்துறக் கூடாது, கேட்டியா" என்பார். கேட்டேன். வாழ்நாளெல்லாம் கேட்டேன். அதில் எனக்கு வருத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. யாரோ ஒரு பெண் மலை தெரிகிற ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு போகிறாள், அவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது என் வீட்டு மனிதர் என்று நடு பெர்த்தில் மல்லாந்து கிடந்தபடி நினைத்துக்கொள்வேன். அதுவும் ஒரு மாதிரி ஜன்னல்தான்.

மலை நான் பார்த்ததில்லை. பனிமலை. கல்லூரியில் பூகோளம் படித்தவள், அட்லஸில் விரலை வைத்து மலை மலையாக ஏறியவள். தாழ்ந்த நிலத்துக்குப் பச்சை, மேட்டுக்கு மஞ்சள், மலைக்குப் பழுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே, யாரும் நிற்க முடியாத உயரத்துக்கு, வெள்ளை. ஒரு நாள் கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வெள்ளை என்று எதையும் அச்சடிக்கவில்லை, அது மை படாமல் விட்ட காகிதம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்திலேயே உயரமான இடம் ஒன்றும் போடாமல் விட்ட இடம். அதைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று வகுப்பில் உட்கார்ந்து நினைத்தேன், நினைத்துவிட்டு மணி அடித்ததும் சாப்பிடப் போனேன், பிறகு கல்யாணம், பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, பிறகு உலகா. சென்னை ஏர்போர்ட்டை ஒட்டிய இந்தப் பொழிச்சலூருக்குக் குடிவந்த நாளிலிருந்து தலைக்கு மேலே விமானம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சக்கரம் உள்ளே மடங்குவதுகூடத் தெரியும் இந்த பால்கனியிலிருந்து. விமானம் போகிறபோது பேச முடியாது. எங்கள் சண்டைகளில் பாதி அது போகட்டும் என்று காத்திருந்த நேரத்தில் ஆறிப்போனவை. அவர் வாயைத் திறந்தபடி நிற்பார், நான் கரண்டியைத் தூக்கியபடி நிற்பேன், சத்தம் தேய்ந்து போனதும் யார் எந்த இடத்தில் விட்டோம் என்பது மறந்திருக்கும். இப்போது உலகாவுக்கு பாக்டோக்ராவுக்குப் பக்கத்தில் சிலிகுரிக்கு மாற்றலாகி, அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஒரு மாசம் வந்து இரும்மா, டாக்டர்தான் பறக்கலாம்னுட்டாரே, என்று டிக்கெட்டும் போட்டு அனுப்பிவிட்டாள். இடத்தை மட்டும் நீ போட்டுக்கோ, அதுவாவது செய், என்று விட்டிருக்கிறாள். அதுவாவது. அவளுக்குத் தெரியவில்லை, அது ஒன்றுதான் செய்ய முடியாதது.

ஏனென்றால் எப்படி உட்கார்ந்தாலும் ஒன்று போய்விடுகிறது. இடப்பக்க ஜன்னலில் அவரை உட்காரவைத்து நான் அவருக்கு வலப்பக்கம் நடுவில் உட்கார்ந்தால் அவர் என்னைப் பார்ப்பார், மலை இடப்பக்கத்தில் போய்விடும், கர்ப்பக்கிரகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருப்பார். ஜன்னலில் நான் உட்கார்ந்து அவரை நடுவில் வைத்தால் மலையும் போய்விடும், நானும் போய்விடுவேன், வழியோரத்தில் எவனாவது உட்கார்ந்திருப்பான், அவனைப் பார்த்துக்கொண்டு வருவார். வலப்பக்க வரிசைக்குப் போய் ஜன்னலை அவருக்குக் கொடுத்தால் ஜன்னல் தெரியும், ஆனால் அதில் மலை இருக்காது, வயல் இருக்கும், நான் மறுபடியும் அவருக்கு இடப்பக்கம். திரும்பி வரும்போது மலை வலப்பக்கம் வரும்தான், அப்போது அவரை ஜன்னலில் உட்காரவைத்தால் மலையைப் பார்ப்பார், என்னைப் பார்க்கமாட்டார், ஜன்னலில் நான் உட்கார்ந்தால் என் தலை மலையை மறைக்கும். அதுவும் ஒரு மாதம் கழித்து, அப்போது மேகம் கூடிவிடும் என்கிறாள் உலகா. மலை இருந்தால் நான் இல்லை, நான் இருந்தால் மலை இல்லை. விரலைக் கட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டே இருக்கிறேன், தொடாமல், கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் தொடப்போகிற மாதிரி. திரையில் ஒரு சின்னப் பெட்டி வருகிறது. நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்கிறது. ஆம் என்பதைத் தொடுகிறேன். சரி என்று பெட்டி போய்விடுகிறது. எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறது.

நான் இருக்கவேண்டிய இடம் இடப்பக்கம்தான், முதலிலிருந்தே. தாலி கட்டுகிறவரை வலப்பக்கம் உட்காரவைத்திருந்தவர்கள் கட்டி முடித்ததும் எழுப்பிச் சுற்றிவரச் செய்து இடப்பக்கம் மாற்றி உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து போட்டோவில் இடப்பக்கம், படுக்கையில் இடப்பக்கம், சினிமாக் கொட்டகையில் இடப்பக்கம். சிவன் உடம்பில் பாதியை அம்மைக்குக் கொடுத்ததும் அந்தப் பக்கம்தானே. எத்தனையோ பாதைகளில் ஓடுகிற ரத்தம், நான் இருந்த பாதியைப் பார்த்தா போய் அடைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கண்விழித்தபோது அவர் முதலில் கேட்டது, "செம்பகம் வரலையா?" நான் பக்கத்தில், இடப்பக்கத்தில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை என் கையில் இருந்தது, கண் மறுபக்கம் தேடியது. நர்ஸ் என் தோளைப் பிடித்து கட்டிலைச் சுற்றி வலப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். "வந்துட்டியா" என்றார், அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவளைப் பார்க்கிற மாதிரி. அன்றோடு நான் வலப்பக்கம் குடிபெயர்ந்தேன். படுக்கையில் பக்கம் மாறினேன், முதல் சில நாள் தூக்கத்தில் புரண்டு சுவரில் முட்டிக்கொண்டேன். கூடத்தில் அவருக்கு வலப்பக்கம் பிரம்பு நாற்காலியைப் போட்டு அதுவே என் இடம் என்று ஆக்கிக்கொண்டேன். தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு போதும் என்று கையை வைத்துவிடுவார், நான் தட்டை அரைச்சுற்று திருப்புவேன், "இன்னும் வச்சியா?" என்று மிச்சத்தைச் சாப்பிடுவார். வீட்டில் சரி. தை மாதம் அவர் தங்கை மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தோம். உப்பு, ஊறுகாய், இனிப்பு, அப்பளம் எல்லாம் இலையில் இடப்பக்கம்தானே வைப்பார்கள், அவருக்கு ஒன்றும் இல்லை. "என்ன சமையல் இது, ஒரு அப்பளம் கெடையாது" என்று சத்தமாகச் சொன்னார். நான் பழக்கதோஷத்தில் கையை நீட்டி இலையை அப்படியே திருப்பிவிட்டேன், நுனி வலப்பக்கம் போய்விட்டது. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய பெரியம்மை பதறிப்போய், "ஏளா, என்ன காரியம் செய்யுத! கல்யாண வீட்டுல எலைய மாத்திப் போடுதா பாரு!" என்று கத்தினாள். பந்தியே திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் நிம்மதியாக, "இந்தா வந்துட்டே அப்பளம்" என்றார்.

இதைச் சொன்னபோது பெனிட்டா சிரிக்கவில்லை. பெனிட்டா என்பவள் அவருக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், நாகர்கோவில்காரி, மாடி ஏறி வரும்போதே சத்தம் கேட்கும். "அம்மா, நீங்க இப்படித் தட்டைத் திருப்பிக்கிட்டே இருந்தா அவங்க எதுக்குக் கழுத்தைத் திருப்பணும்? நீங்க வலப்பக்கமே உக்காந்து உக்காந்து அப்பாவைக் கெடுக்கியோ" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கெடுக்கிறேனா. பசியோடு ஒரு மனிதர் அரைத்தட்டில் எழுந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறாளா. இடப்பக்கம் எதெது இருக்கிறதோ அதற்கெல்லாம் சிவப்பாக ஒரு அடையாளம் வையுங்கள், அந்தச் சிவப்பு வருகிறவரை கழுத்தைத் திருப்பவேண்டும் என்று அவருக்குப் பழக்குவோம் என்றாள். வீட்டில் சிவப்பாக என்ன இருக்கிறது, என் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. டிவியின் இடது ஓரத்தில் ஒன்று, பால்கனிக் கதவு நிலையில் ஒன்று, தட்டின் விளிம்பில் ஒன்று. தட்டில் ஒட்டியது மட்டும் கழுவும்போதெல்லாம் போய்விடும், மறுபடி ஒட்டுவேன். அவருக்கு முதலில் கேலி. "ஏம்மா, ரயில்வேக்காரன் நான். செவப்பைக் கண்டா நிக்கணும்னு முப்பது வருசம் பழகினவன்ட்ட வந்து செவப்பைக் கண்டுபிடிச்சு வான்னு சொல்லுதியே" என்றார். "வந்துட்டு அப்புறம் நில்லுங்க" என்றாள் பெனிட்டா. அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினால் திரும்புவார். சொன்னால் சில நாள் திரும்புவார். அவள் போன பிறகு தலை தானாக வலப்பக்கம் வந்துவிடும், சாய்ந்த வீட்டில் கதவு தானே மூடிக்கொள்கிற மாதிரி. நானும் பிரம்பு நாற்காலிக்குத் திரும்பிவிடுவேன். அவர் தானாக, யாரும் சொல்லாமல், இடப்பக்கம் திரும்பி நான் பார்த்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை.

போன் கையிலேயே அதிர்கிறது, உலகாதான். "அம்மா, சீட் போட்டாச்சா?" "பாத்துக்கிட்டே இருக்கேன்." "பாத்துக்கிட்டே இருந்தா போயிரும்மா. இந்த ஃப்ளைட்ல ஏறுற எல்லாருக்கும் அந்தப் பக்கம்தான் வேணும். அஞ்சு ஏ, அஞ்சு பி, தட்டிட்டு வை." இந்தப் பக்கம் திரும்பாமல், பிரம்பு நாற்காலியைப் பார்த்தபடி அவர், "யாரு, ஒலகாவா? எங்க இருந்து பேசுதா?" என்றார். "ஆபீஸ்லதான்" என்றேன். "ஆபீஸ்லயா" என்று காலி நாற்காலியிடம் சொல்லிவிட்டு, அது பதில் பேசிய மாதிரியே தலையாட்டிக்கொண்டார். நான் போனில் தணிந்த குரலில், "உலகா, அது இடப்பக்கம் இல்லையா" என்றேன். "ஆமாம்மா, அதைத்தான நானும் நேத்துலேருந்து..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். மறுமுனையில் யாரோ டோக்கன் எண் கூப்பிடுவது கேட்டது. அவள் மூச்சு விடுவதும் கேட்டது. பிறகு, "எனக்கு இது தோணவே இல்லையேம்மா" என்றாள். நாற்பது தாண்டிய பெண், ஒரு கிளையையே கட்டி ஆள்கிறவள், குரல் ஆறு வயதுக்குப் போய்விட்டது. "அதுக்கென்னடி." "அப்பா பார்க்கணும்னுதான் டெல்லி சுத்திப் போற அந்த ஃப்ளைட்டாப் பார்த்துப் போட்டேன். காலைல போறதுன்னா தெளிவா இருக்கும்னு." "தெரியும்டி." "நீயாவது பாரும்மா. நீ ஜன்னல்ல உக்காரு. அப்பா பக்கத்துல தூங்கிட்டு வரட்டும்." "சரி, வை." வைத்துவிட்டேன். நீயாவது. அந்தச் சொல் காதில் ஒரு நீர்த்துளி மாதிரி தங்கிவிட்டது, தலையை எப்படிச் சாய்த்தாலும் வெளியே வரவில்லை.

அவர் இல்லாமல் நான் எதையும் பார்த்ததில்லை என்பதல்ல. கோயில், தேர், சினிமா, அவர் வேலைக்குப் போன நாட்களில் எத்தனையோ தனியாகப் பார்த்திருக்கிறேன். வந்து சொல்வேன், கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க, முழங்கை முழங்கையில் பட்டுக்கொண்டிருக்க, அவருக்கு இல்லாத ஒன்றை நான் மட்டும் பார்த்துக்கொண்டு வருவது எப்படி. மை படாத அந்த வெள்ளையை. அவருக்கும் மை படாத பக்கம் ஒன்று இருக்கிறது. அதில்தான் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது நான் எல்லோருக்கும் வெறும் குரல்தான், நம்பர் ப்ளீஸ், லைனில் இருங்கள், பேசலாம். யாரும் என்னைப் பார்த்ததில்லை. அழுதுகொண்டே ட்ரங்க் கால் கேட்பவர்கள் இருந்தார்கள், அந்தப் பக்கம் கிடைத்துப் பேச ஆரம்பித்ததும் என்னை மறந்துவிடுவார்கள், அது எனக்குப் பிடித்தும் இருந்தது. இல்லாமல் இருந்துகொண்டே இருப்பது. இன்றும் இந்த முக்காலியில் அந்தப் பழைய சுகம் கொஞ்சம் இருக்கிறது, அதை ஏன் மறைக்கவேண்டும். அவர் முகத்தை, அவர் பார்க்காதபோது, இவ்வளவு பக்கத்திலிருந்து வெகுநேரம் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது. இந்தப் பக்கக் கன்னத்தில் ஷேவ் செய்யாமல் விட்ட வெள்ளை முடி பனி மாதிரி நிற்கிறது, கண்ணாடியிலும் அவருக்கு இந்தக் கன்னம் கிடையாது. நாளைக்கு நானே சவரம் செய்துவிடவேண்டும். காதோரம் ஒரு சின்ன மச்சம், அது எப்போது வந்தது. அவருடைய இடக்கை மடியில் ஒரு தூங்கும் பிள்ளை மாதிரி கிடக்கிறது, அவர் அதை மறந்துவிட்டார். அப்போது அந்த நினைப்பு வந்தது. எப்போதும் இந்தச் சாயங்கால நேரத்தில்தான் வருகிறது. எனக்கு முதலில் ஏதாவது ஆகிவிட்டால், நான் போய்விட்டேன் என்று இவரிடம் எப்படிச் சொல்வார்கள். கேட்டுக்கொள்வார். அழுவார். பிறகு ஒரு நாள் கூடம் காலியாக இருக்கும்போது, இடப்பக்கம் எங்கேயாவது இருப்பாள் என்று நினைத்துக்கொள்வாரோ. நான் இல்லாததும் இடப்பக்கம் இருப்பதும் இவருக்கு ஒன்றுதானே. அது கொடுமையா, கொடுப்பினையா என்று தெரியவில்லை. திரையில் மறுபடியும் அந்தப் பெட்டி, நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா. ஆம். ஆம் என்கிறேனே.

வலப்பக்கமே போட்டுவிடலாம். வயலைப் பார்த்துக்கொண்டு வரட்டும், வயலும் அழகுதான், கங்கை தெரியலாம். மலை என்ற பேச்சையே எடுக்கவேண்டாம். இல்லாத ஒன்றுக்காக யாரும் ஏங்கமாட்டார்கள். ஐந்து எஃப் என்கிற கட்டத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். "செம்பகம்" என்றார். பிரம்பு நாற்காலியைப் பார்த்துத்தான். அதன் முதுகில் என் துண்டு கிடந்தது. வழக்கமாக இந்நேரம் எழுந்து அந்தப் பக்கம் போயிருப்பேன், இதோ இருக்கேன் என்று அவர் கண்ணுக்கு முன்னால் நின்றிருப்பேன். வயர் இழுத்தது. வயர்தான் என்று சொல்ல முடியாது. நான் எழுந்திருக்கவில்லை. "ஏளா, செம்பகம்." வளையல் சத்தம் போடாதபடி மேலே ஏற்றிக்கொண்டேன். பரீட்சை எழுதுகிறவள் நான் இல்லை, ஆனாலும் பயமாக இருந்தது. அவர் சமையலறை வாசலைப் பார்த்தார். அதற்கும் வலப்பக்கம், இன்னும் வலப்பக்கம், நாற்காலியே முனகுகிற அளவுக்குத் திரும்பி பூஜை அலமாரியைப் பார்த்தார். "இப்பந்தான பேசுனா" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு, "அங்கன இல்லைன்னா…" என்றார். தலை மெல்ல அசைந்தது. டிவிக்கு வந்தது. டிவியின் இடது ஓரத்தில் நின்றது. "ஒண்ணு" என்றார். பாதிக் கிணற்றில் கயிறு நின்ற மாதிரி அங்கேயே நின்றார், திரும்பிவிடுவார், வலப்பக்கம் போய்விடுவார் என்று நினைத்தேன். தாடை தோளை நோக்கி நகர்ந்தது. காலண்டர், சுவர், வெயில், பால்கனிக் கதவு நிலை. "ரெண்டு." கழுத்து நரம்பு புடைத்து நின்றது. இதற்கு அப்பால் நான் எதையும் ஒட்டவில்லை, இதற்கு அப்பால் சுவிட்சுப் பலகையும் குட்டை வயரும் நானும்தான். அவர் நிற்கவில்லை. கண் என் தோளில் பட்டது, காதில் பட்டது, நெற்றியில் வந்து நின்றது. அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்ப ஒட்டுன பொட்டு?" என்றார். "கல்யாணத்தன்னைக்கு" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "இங்கயா இருக்க? எம்புட்டு நேரமா?" "நீங்க காப்பி குடிச்சதுலேருந்து." "சத்தங்காட்டாம இருந்திருக்கா பாரு, சிஐடி மாதிரி. என்ன அழுவுத?" "யாரு அழுதா." "சரி, அழுவல. ஒலகா என்ன சொல்லுதா? சீட்டா? கொண்டா பாப்போம், இதுல ஒனக்கு என்ன தெரியும்" என்று வலது கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். மூக்கில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார், பழைய கவுண்டர் முகம் வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது விமானத்தின் வலது பாதி மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். போனைக் கொஞ்சம் நகர்த்திப் பிடிக்கலாம் என்று என் கை எழுந்தது, தட்டைத் திருப்பிப் பழகிய கை. அதை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். "இதென்ன, ஒரு பக்கந்தான் இருக்கு. ஏரோப்பிளேன்னா ரெண்டு பக்கமும் றெக்கை கெடையாதா?" என்றவர், நானாக ஒன்றும் சொல்லாததைக் கவனித்து, தாடையை மறுபடி தோளுக்குக் கொண்டுபோனார். "இருக்கு, இருக்கு. அஞ்சாவது வரிசைல ஜன்னல் சும்மாதான கெடக்கு. மலை இந்தப் பக்கந்தான வரும்? போடு." "யாருக்கு?" "ஒனக்கு. எனக்கு நடுவுல போடு." "நடுவுல உக்காந்தா உங்களுக்கு என்ன தெரியும்? நானும் இந்தப் பக்கம் ஆயிருவேனே." "பொட்டு வரைக்கும் வந்துட்டம்லா இப்ப? அதுக்கு மேல ஒரு சாண் வரணும், மலை. அவ்வளவுதான" என்றார். பிறகு, கவுண்டர் வளைவு வழியாகச் சொல்கிற மாதிரி குனிந்து, "கோமதிநாயகம் பெண்டாட்டிக்கு ஜன்னல் போட்டுக்கிட்டாம்னு எவன் சொன்னாலும் சொல்லிட்டுப் போறான். ரிட்டையர் ஆயாச்சு."

நான் தொட்டேன். இரண்டு நீலக் கட்டங்களும் பச்சையாயின, முதலில் ஜன்னல், பிறகு நடு. அந்நேரம் தலைக்கு மேல் ஒரு விமானம் எழும்பியது, கண்ணாடி அலமாரியில் தம்ளர்கள் நடுங்கின, அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து வழக்கம்போல நிறுத்தினார், நானும் நிறுத்தினேன். சத்தம் தேயத் தேய அவர் கழுத்து தளர்ந்தது. வலித்ததோ, மறந்ததோ, தலை மெதுவாக, தானாக, டிவிக்கு வந்து, டிவியைத் தாண்டி, பிரம்பு நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தது. என் துண்டைப் பார்த்துக்கொண்டு, "போட்டுட்டியா?" என்று அதனிடம் கேட்டார். "போட்டுட்டேன்" என்றேன். போனில் சார்ஜ் நிறைந்துவிட்டது. வயரைப் பிடுங்கிச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.